புரூடரில் ஏதோ சரியில்லையா? குஞ்சுகளைப் பார்த்தே காரணம் கண்டுபிடிக்கலாம்

நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிவந்த மூன்றாம் நாளே பலர் மருந்துக் கடையில் போய் நிற்கிறார்கள். "குஞ்சு சோர்ந்து நிக்குது, ரெண்டு செத்துப்போச்சு, ஏதாவது குடுங்க" என்பார்கள். கடைக்காரரும் ஒரு பொட்டலம் தருவார். நானும் அப்படி நின்றவன்தான். முதல் இரண்டு வாரத்தில் எனக்கு வந்த தொல்லைகளில் பாதிக்கு மேல் நோயே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சூடு, காற்று, தரை, தண்ணீர், இடம் இவற்றில் ஏதோ ஒன்று பிசகியிருந்தது. அதனால் மருந்துக்கு முன்னால் புரூடரை, அதாவது தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்குப் பல்பு போட்டுச் சூடு கொடுக்கும் அடைப்பைப் பாருங்கள். புரூடருக்கும் முன்னால் குஞ்சுகள் எங்கே நிற்கின்றன, எப்படிக் கத்துகின்றன என்று பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

இங்கே சொல்லும் அளவுகள் 100 குஞ்சுக்கானவை. நாட்டுக்கோழியில் சிறுவிடை, பெருவிடை எந்த வகையானாலும் பொருந்தும். 4 அடி விட்டத்தில், ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாகத் தகரமோ கெட்டி அட்டையோ தடுப்பு. தரையில் 2 அங்குலம் உலர்ந்த உமி, அதன்மேல் முதல் மூன்று நாளைக்குக் கோணிச் சாக்கு. நடுவில் பல்புகள். இந்த இடம் முதல் வாரத்துக்குப் போதும். அப்புறம் வாரா வாரம் தடுப்பை விரித்துக்கொண்டே போக வேண்டும். நாலாவது வாரம் முடியும்போது குஞ்சு ஒன்றுக்கு அரை சதுர அடியாவது இருக்க வேண்டும்.

பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, ஓயாமல் கத்துகின்றன

குளிர். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். சுவரில் தொங்கும் வெப்பமானி காட்டுவது அறையின் சூட்டை. தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், பல்பு வட்டத்தின் விளிம்பில் வைத்து அளந்தால்தான் குஞ்சு உணரும் சூடு தெரியும்.

குஞ்சுக்கு 2 வாட் என்பது நம் பக்கம் வழங்கிவரும் கணக்கு. 100 குஞ்சுக்கு 200 வாட். வெயில் காலத்தில் பாதியே போதும். இதை ஒரே பல்பாகப் போடாமல் 60 வாட் குண்டு பல்பு மூன்று நான்காகப் போடுங்கள். நள்ளிரவில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றவை காப்பாற்றும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்பு கிடைக்கவில்லை என்று எல்இடியை மாட்டிவிட்டு, "லைட் எரியுதே, ஏன் குளிருது" என்று கேட்டவரை எனக்குத் தெரியும்.

குண்டு பல்பைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டுத் தொடங்குங்கள். குவிந்தால் இரண்டு அங்குலம் இறக்கி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 250 வாட் அகச்சிவப்பு பல்பானால் ஒன்றரை அடிக்குக் கீழே இறக்க வேண்டாம், உமி பற்றிக்கொள்ளும். எந்தப் பல்பையும் அதன் ஒயரில் மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். தனியாக ஒரு சங்கிலியோ கம்பியோ கட்டிவிடுங்கள். ஒயர் நழுவி பல்பு உமியில் விழுந்தால் கொட்டகையே போய்விடும்.

பல்பை விட்டு விலகி ஓரத்தில் படுத்திருக்கின்றன, வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன

சூடு அதிகம். இறக்கையை உடம்போடு சேர்க்காமல் தொங்கவிட்டிருக்கும், தண்ணீர் டப்பாவைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். பல்பை ஏற்றுங்கள் அல்லது ஒன்றை அணையுங்கள்.

சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கொட்டகையின் சூடே முதல் வாரக் குஞ்சின் தேவையைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் பல்பே வேண்டாம். கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள், ஓரப் படுதாவை மேலிருந்து ஒரு முழம் இறக்கிவிடுங்கள். ஆனால் அதே கொட்டகை விடியற்காலை நாலு மணிக்குக் குளிரும். பகலில் அணைத்த பல்பை இரவில் போட மறந்துவிட்டு, காலையில் வந்து "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்பது அடிக்கடி நடப்பது.

இங்கே ஒரு குழப்பம் வரும். சூடு சரியாக இருக்கிறது, குஞ்சுகள் பரவித்தான் நிற்கின்றன, ஆனாலும் சில மட்டும் கழுத்தை மேலே நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறுகின்றன என்றால் அது வெக்கை இல்லை. தரையில் பரப்பியிருக்கும் உமி போன்ற கூளத்தை ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் அதுதான் காரணம். பூஞ்சை பிடித்த கடலைத்தோலையோ ஈர மரத்தூளையோ போட்டால் அதன் தூள் நுரையீரலுக்குப் போய் உட்கார்ந்துவிடும். புரூடர் நிமோனியா என்பார்கள். வந்த குஞ்சைக் காப்பாற்றுவது கடினம். கூளம் முழுவதையும் அன்றைக்கே மாற்றினால் மற்றவை பிழைக்கும்.

எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கின்றன

குளிர்க்காற்று. குஞ்சுகள் நிற்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. உங்கள் உயரத்தில் தேடாதீர்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தித் தரையை ஒட்டிப் பிடித்துச் சுற்றிவந்தால் கதவுக்கு அடியிலிருந்தோ தடுப்பின் இணைப்பிலிருந்தோ புகை சாய்வது தெரியும். அந்த இடுக்கை அடைத்துவிடுங்கள். காற்றுக்குப் பயந்து கொட்டகை முழுவதையும் தார்ப்பாயால் மூடிவிடவும் கூடாது. தரை மட்டத்தில் காற்று அடிக்கக் கூடாது, தலைக்கு மேலே காற்று போய்வர வேண்டும்.

காற்றே இல்லை என்றால் அந்தப் பக்கம் வெயில் நேராக விழுகிறதா, நாய் வந்து நிற்கிறதா, சத்தம் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள்.

காலையில் பார்த்தால் ஓரிடத்தில் பத்திருபது செத்துத் தட்டையாகக் கிடக்கின்றன

இது எனக்கு ஒரு மார்கழி இரவில் நடந்தது. அறை மூலையில் சதுரமாகச் செங்கல் அடுக்கிக் குஞ்சு விட்டிருந்தேன். ஒரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விடிந்து பார்த்தால் 23 குஞ்சுகள் ஒரு மூலையில் நசுங்கிக் கிடந்தன. மேலே இருந்தவை உயிரோடு இருந்தன, அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் செத்திருந்தன.

இதில் என் தவறுகள் மூன்று. முதலாவது மூலை. புரூடரில் மூலையே இருக்கக் கூடாது. அறைக்குள் வைத்தாலும் அட்டையை வளைத்து வட்டமாக்கிவிட வேண்டும். இரண்டாவது, மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. இப்போது ஓர் எவர்சில்வர் தூக்கில் கொதிநீர் ஊற்றி, இறுக மூடி, பழைய துண்டில் சுற்றி நடுவில் வைத்துவிடுகிறேன். இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். கரண்ட் போனால் விழித்துக்கொள்ள வேண்டுமே என்று படுக்கும் அறை ஃபேனையும் அதே லைனில் போட்டிருக்கிறேன். மார்கழிக் குளிரில் ஃபேனா என்று வீட்டில் கேட்கிறார்கள், அது வேறு கதை. சிலர் பானையில் கரி நெருப்பு வைப்பார்கள். பழைய முறைதான், ஆனால் மூடிய அறையில் வைத்தால் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

மூன்றாவது பலருக்குத் தோன்றாதது. பிறந்ததிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் வெளிச்சத்தில் இருந்த குஞ்சுக்கு இருட்டென்றால் என்னவென்றே தெரியாது. திடீரென்று அணைந்ததும் மிரண்டு ஓடும், ஓடிப்போய் ஒன்றன்மேல் ஒன்று விழும். முதல் வாரம் முடிந்ததும் தினம் சாயங்காலம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே கால் மணி நேரம் விளக்கை அணைத்துப் பழக்குங்கள். பிறகு அரை மணி, ஒரு மணி என்று கூட்டலாம்.

வந்த அன்று தீனி தொடவில்லை, மந்தமாக நிற்கின்றன

பொரித்த குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். அதனால் தீனிக்குப் பதற வேண்டாம், தண்ணீருக்குப் பதறுங்கள். பயணத்தில் காய்ந்துபோய் வந்திருக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் வெல்லத்தைக் கரைத்து, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகு நுனியை மட்டும் தொட்டுவிடுங்கள். மூக்குத் துளை நனையக் கூடாது. நூறையும் தொட்டுவிட அரை மணி நேரம்கூட ஆகாது. வெல்லத் தண்ணீர் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும்தான், அதையே நாலு நாள் கொடுத்தால் கழியும். குடித்து இரண்டு மணி நேரம் ஆனதும் உடைத்த மக்காச்சோளத்தையோ குஞ்சுத் தீவனத்தையோ சாக்கின்மேல் தூவி, விரல் நுனியால் டொக் டொக்கென்று தட்டுங்கள். தாய்க்கோழி கொத்திக் காட்டுவது மாதிரி. ஒன்று வந்தால் மற்றது வரும்.

முட்டைக்கோழித் தீவனம் வீட்டில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தண்ணீர் டப்பா மூன்று வையுங்கள், பல்புக்கு நேர் கீழே வேண்டாம். தட்டில் குஞ்சு விழுந்து நனைந்தால் கூழாங்கல்லைப் போட்டு நிரப்பிவிடுங்கள். நனைந்த குஞ்சு குளிரிலேயே செத்துவிடும்.

கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்றுவிட்டன

வழவழப்பான நியூஸ் பேப்பர். சாக்குத் துணி போடச் சொன்னது இதற்குத்தான். அகன்ற கால்களை இயல்பான இடைவெளிக்குக் கொண்டுவந்து, மருந்துக்கடை பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி இரண்டு காலையும் சேர்த்து விலங்கு மாதிரி ஒட்டிவிடுங்கள். மூன்று நாலு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு மூன்று வாரக் குஞ்சின் கால் விரல்கள் உள்ளே மடங்கி, முழங்காலில் உட்கார்ந்து நகர்ந்தால் அது வேறு. ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின் குறைவு. வெறும் குருணையும் தவிடும் போட்டு வளர்க்கும் இடத்தில் இதைப் பார்க்கலாம். தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் கலந்து கொடுத்துத் தீவனத்தை மாற்றுங்கள்.

பின்புறத்தில் எச்சம் ஒட்டி அடைத்திருக்கிறது

வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள். துடைத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஒன்றிரண்டுக்கு இருந்தால் பயணக் களைப்போ சூட்டுக் கோளாறோ. பாதிக்குப் பாதி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கொட்டகைக்குள் போனால் கண் எரிகிறது

குனிந்து குஞ்சின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள், இன்னும் எரியும். ஈரக் கூளத்தில் எச்சம் புளித்து அமோனியா வருகிறது. தண்ணீர் டப்பாவைச் சுற்றித்தான் ஈரம் தொடங்கும். டப்பாவை ஒரு செங்கல்மேல் ஏற்றி, அதன் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு வருமாறு வையுங்கள், சிந்துவது பாதியாகிவிடும். கட்டிப்போன இடத்தை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி போட்டு, தினம் ஒரு தடவை கிளறுங்கள். ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம்.

எச்சத்தில் ரத்தம்

மூன்றாம் வாரத்துக்கு மேல், மழைக்காலத்தில், ஈரக் கூளத்தில் வருவது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும். இதற்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய் மருந்தும் அளவும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஆம்ப்ரோலியம் கொடுப்பார்கள். அந்த நாட்களில் பி வைட்டமின் டானிக்கைச் சேர்த்துக் கலக்காதீர்கள், மருந்தின் வேலை கெட்டுவிடும். மருந்து முடிந்த பிறகு கொடுக்கலாம். கூளம் ஈரமாகவே இருந்தால் மருந்து நின்ற பத்தாம் நாள் மறுபடி வரும்.

எப்போதாவது ஒரு தடவை பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி போவது நோய் இல்லை, குருட்டுக்குடலிலிருந்து வரும் சாதாரண எச்சம்தான். அதைப் பார்த்துப் பயந்து போன் செய்பவர்கள் அதிகம்.

ஒன்றையொன்று கொத்துகின்றன, வால் பக்கம் ரத்தம்

இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குத்தான் நிறையப் பேர் நேராக அலகு வெட்டும் யோசனைக்குப் போகிறார்கள்.

முதலில் ரத்தம் வந்த குஞ்சைப் பிரித்துவிடுங்கள். சிவப்பைப் பார்த்தால் மற்றவை விடாது. மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் தடவி, காய்ந்து நிறம் மறைந்த பிறகு சேர்க்கலாம். அடுத்து இடத்தைப் பாருங்கள். குஞ்சு வளர்ந்திருக்கும், தடுப்பு அதே 4 அடியில் நிற்கும். வெளிச்சத்தைப் பாருங்கள், கூசுகிற அளவுக்கு இருந்தால் குறையுங்கள். பிறகு தீவனத்தைப் பாருங்கள். வெறும் அரிசிக் குருணையில் புரதம் போதாது, புரதமும் உப்பும் குறைந்தால் இறகைப் பிடுங்கித் தின்னும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கொத்தினால்? அவற்றுக்கு வேலை இல்லை. தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சீய்க்கிறது, கொத்துகிறது, பூச்சி தேடுகிறது. அந்தக் கொத்தும் பழக்கம் புரூடருக்கு வந்துவிட்டதால் போய்விடாது. தரையில் கொத்த ஒன்றும் இல்லாதபோது பக்கத்துக் குஞ்சின் இறகைக் கொத்துகிறது. அதற்குத் தரையில் கொத்த ஏதாவது கொடுத்தால் போதும், காசு பெரிதாக ஆகாது.

ஒரு வாரம் ஆனதும் முருங்கைக் கீரையையோ அகத்தியையோ கட்டாகக் கட்டித் தலைக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். எட்டிக் குதித்துக் கொத்தும். தரையில் போட்டால் மிதித்து ஈரமாக்கிவிடும். கீரையும் தானியமும் கொடுக்கத் தொடங்கினால் பக்கத்தில் ஒரு தட்டில் கரடு மணலும் வையுங்கள், இரைப்பையில் அரைக்க வேண்டுமே. பத்தாம் நாள் வாக்கில் இரண்டு மூன்று அங்குல உயரத்தில் ஒரு மூங்கில் கழியையோ மரக்கிளையையோ படுக்கவையுங்கள். முதல் நாள் சுற்றிச் சுற்றிப் பார்க்கும், மறுநாள் மேலே உட்காரச் சண்டை நடக்கும். ஒரு பழைய பேசினில் உலர்ந்த மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் அதில் புரண்டு குளிக்கும். ஒரு முறம் காய்ந்த இலைச் சருகைக் கொட்டி அதற்குள் கொஞ்சம் கம்பைத் தூவிவிட்டால் அரை நாள் ஓடிவிடும்.

இவற்றையெல்லாம் விட என் குஞ்சுகளுக்குப் பிடித்தது கரையான். பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, கொஞ்சம் வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். நம் ஊர்களில் காலங்காலமாகச் செய்வதுதான். புரூடரில் கொட்டியதும் நடக்கும் கலாட்டாவைப் பார்ப்பதற்கே ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம். குஞ்சு தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, ஒதுங்க இடம். தாயின் இறக்கைக்குள் வெதுவெதுப்பும் இருக்கும், இருட்டும் இருக்கும். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, அதில் துணியைக் கீற்றுக் கீற்றாகத் தொங்கவிட்டு, பல்பிலிருந்து தள்ளி, ஆனால் சூடு எட்டும் இடத்தில் வையுங்கள். களைத்த குஞ்சு உள்ளே போய்த் தூங்கும், விழித்திருப்பவை அதைக் கொத்துவது குறையும்.

நெஞ்சை நிமிர்த்தி இரண்டு குஞ்சுகள் நேருக்கு நேர் எகிறுவதைக் கொத்துநோய் என்று நினைக்க வேண்டாம். யார் பெரியவர் என்று பார்த்துக்கொள்கின்றன. பெருவிடையில் இது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

திடீரென்று பக்கவாட்டில் விழுந்து காலை உதைக்கிறது

எழுந்து உதறிவிட்டு ஓடிவிட்டதா? மண்குளியல். கழுத்தை நீட்டி, இறக்கையைப் பரப்பி, செத்தது போலக் கிடந்து, தொட்டதும் துள்ளி எழுந்ததா? தூக்கம். முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு இரண்டுமே நெஞ்சடைக்க வைக்கும். கழுத்து முறுக்கி வானத்தைப் பார்த்து நின்று, நேராக்கவே முடியவில்லை என்றால்தான் கவலை. அது வைட்டமின் குறைவாகவும் இருக்கலாம், ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயாகவும் இருக்கலாம்.

பிணம் இல்லை, எண்ணிக்கை மட்டும் குறைகிறது

எலி. ஒரு வாரக் குஞ்சை அப்படியே இழுத்துக்கொண்டு போகும். சாதாரணக் கோழிவலையின் கண்ணில் எலி சுலபமாக நுழையும், பாம்பும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் கம்பிவலை அடித்து, அடிப்பக்கத்தை அரை அடி மண்ணுக்குள் இறக்குங்கள். எறும்பு வரிசை தெரிந்தால் தடுப்பைச் சுற்றி வெளியே மஞ்சள்தூளோ சாம்பலோ கோடு போடலாம். எறும்புப் பொடியைக் குஞ்சு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தினம் செத்துக்கொண்டே இருக்கிறது

முதல் ஐந்து நாளில் வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகக் கறுத்துச் செத்தால் பொரிப்பகத்திலேயே தொற்றிக்கொண்டு வந்தது. உங்கள் புரூடரில் அதற்கு வழியில்லை. அடுத்த தடவை வாங்கும்போது பத்துக் குஞ்சைப் புரட்டித் தொப்புளைப் பார்த்து வாங்குங்கள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பூசிச் சொட்டையும் பதினாலாம் நாள் கம்பாரோ நோய்க்கான தடுப்பூசிச் சொட்டையும் விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நோய்வாய்ப்பட்டு நிற்கும் கூட்டத்துக்கு அவசரப்பட்டு அப்போது விடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது செத்து நாலைந்து மணி நேரத்துக்குள் இருக்கும் குஞ்சு இரண்டையும் சாகக் கிடக்கும் ஒன்றையும் எடுத்துப் போங்கள். செத்ததைப் பாலித்தீன் பையில் கட்டிப் பனிக்கட்டிக்குள் வையுங்கள். ஃபிரீசரில் வைத்து உறைந்துவிட்டால் அறுத்துப் பார்க்கும்போது சரியாகத் தெரியாது. என்ன தீவனம், எத்தனை நாள், எந்தத் தேதியில் எத்தனை செத்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டத்துக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.